வயரைப் பிடுங்கும் வேலை

"நெவேனா அசெனோவா. பிறப்பால் பல்கேரியர். தாய்மொழி பல்கேரியம், வேறு மொழி அறியார். முன்னோரின் பெயரைத் தாமாகவே விரும்பி மீட்டுக்கொண்டவர்."

தபால் நிலையக் கோப்பில் இப்படி ஒருத்தி இருந்தாள். வயர் செருகி இணைப்புக் கொடுக்கும் தொலைபேசிப் பலகைக்கு முன் அந்தப் பெயரில் உட்கார்ந்திருந்தவளோ நெஃபிஸெ, புகையிலை பயிரிடும் துருக்கியர் ஹசனின் மகள். அவளுக்குப் பெயரை மாற்றிக்கொள்ளும் அந்த விருப்பம் வந்த ஜனவரிக் காலையில் ஊரைச் சுற்றிப் படைவண்டிகள் நின்றன. விருப்பம் வராத அவள் அண்ணனை ஒரு வெள்ளைக் கார் ஏற்றிப் போனது. புகையிலை அறுவடையும் முடிந்துவிட்டது, ஆள் திரும்பவில்லை.

நாட்டில் துருக்கியரே கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. இல்லாத அந்த மக்கள் தங்கள் மொழியில் தொலைபேசியில் பேசினால் உடனே வயரைப் பிடுங்கி, எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். அதற்கு அந்த மொழி தெரிந்த ஆள் வேண்டுமே! நெஃபிஸெயின் வேலை தப்பித்தது அதனால்தான். எட்டு மாதமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "கத்தரிக்கோல் வருது, வாய மூடு" என்று தெருவில் அவள் காதுபடவே சொன்னார்கள்.

அன்று தபால் அதிகாரி ஸ்லாவ்சேவுக்குக் காலையிலேயே வியர்த்தது. அதே ஊரில் பிறந்து வளர்ந்த அசல் பல்கேரியர். ஆனால் வசவு மட்டும் துருக்கிய மொழியில்தான் சரளமாக வரும்.

"மாவட்டத்துலேருந்து ஆள் வர்றாங்க, நெவேனா. ஒரு வார்த்த தப்பிச்சுதுன்னா என் தலதான் உருளும்."

கொஞ்ச நேரத்தில் ஷெரிஃபே வந்தாள், விரலெல்லாம் புகையிலைக் கறையோடு. அவள் மகன் தலைநகரில் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தான். சன்னலில் வாயை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"நாளைக்கு வயித்துல ஆபரேசனாம். ஒரு தடவ குரலக் கேட்டுக்கிறேன்டி."

"அவங்க பாஷையில பேசுவியாக்கா?"

"ரொட்டி, உப்பு, வணக்கம், அவ்வளவுதான் வரும். வயித்தக் கிழிக்கப்போற புள்ளகிட்ட உப்பு இருக்கான்னு கேக்கவா?"

நெஃபிஸெ தொலைபேசிக் கூண்டைக் காட்டினாள்.

மறுமுனையில் மகன் "அம்மா" என்ற நேரம், வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர் உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் பலகையில் இருந்த இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கூண்டுக்குள் ஷெரிஃபே, வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறார்களா என்று அழுதபடி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன பாஷ?"

"தெரியலையே, தோழர்."

ஸ்லாவ்சேவ் வாய்க்குள் ஒரு வசவை முனகினார், துருக்கிய மொழியில்.

"உங்களுக்கா தெரியல?" கோட்டுக்காரர் நெஃபிஸெயைக் கேட்டார்.

"வேற பாஷ தெரியாதுன்னு என் ஃபைல்ல இருக்கு. கீழ மாவட்ட முத்திரையும் இருக்கு. முத்திரை பொய் சொல்லுமா, தோழர்?"

அவர் சிரித்தார். சிரித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்தம்மா பேசி முடிக்கட்டும். அப்புறம் நாம பேசலாம். கோட்ட எடுத்துக்குங்க, வண்டியில குளிரும்."

வெளியே காரின் இன்ஜினை யாரும் அணைக்கவில்லை. ஸ்லாவ்சேவ் வயரையே பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். இப்போது பிடுங்கினாலும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்.

ஷெரிஃபே மகனோடு ஒன்பது நிமிடம் பேசினாள். நெஃபிஸெ வயரைப் பிடுங்கவில்லை.