தாமல் ஏரிக்கரையில் என் சொந்தக் கருத்து

ஜெனீவாவில் புது வேலையில் சேர்ந்த அன்று, காபி மெஷின் பக்கத்தில் நின்றிருந்த மார்த்தா என்ற ஏரி விஞ்ஞானி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஓர் ஆய்வைக் காட்டி, இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடம் இந்தியத் தூதரகங்களில் இருந்தவள் நான். நாடு நினைப்பதைச் சொல்லித்தான் பழக்கம். பழக்கதோஷத்தில், "நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்" என்றேன். அவள் உடனே நோட்டைத் திறந்து, எந்தக் கருவியால், எத்தனை நாளாக என்று விசாரித்தாள்.

ஏரி, ஆறுகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு நன்கொடை தரும் அறக்கட்டளை அது. அதற்குத் தலைமை ஏற்க அரசு வேலையை விட்டேன் என்றதும், காஞ்சிபுரத்தில் அம்மா போனைப் பட்டென்று வைத்துவிட்டாள். எனக்கோ பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாதிரி இருந்தது. கொடி கட்டிய கார் இல்லை, எழுதிக் கொடுத்த உரை இல்லை. காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

முதல் திட்டமே காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் ஏரியில். பத்தாம் வகுப்பில் வீட்டுக்குச் சொல்லாமல் தோழிகள் நாங்கள் சைக்கிள் மிதித்துப் போன ஏரி. நீரின் அளவையும் தரத்தையும் காட்டும் மிதவைக் கருவி ஒன்றை அதில் விட வேண்டும். விவசாயிகள் சம்மதிக்காவிட்டால் திட்டம் வேறு நாட்டுக்குப் போய்விடும். மார்த்தாவோடு போய், கரையில் கூடியிருந்தவர்களிடம் இருதரப்பு நலன், பரஸ்பர நம்பிக்கை என்று கால் மணி நேரம் பேசினேன். பாசன சங்கத் தலைவர் ஏகாம்பரம் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா பேசுறீங்கம்மா. ஆனா யாருக்காகப் பேசிக்கினு இருக்கீங்க? நாளைக்கே ஏரி பறவைங்களுக்குன்னு சொல்லி மதகை மூடிட்டா, எங்க நெல்லு என்னா ஆவுறது?"

முன்பென்றால் தலைமையகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்திருப்பேன். இப்போது தலைமையகமே நான்தான் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது.

"எனக்காகத்தாண்ணா பேசுறேன். மதகை மூடுற பேச்சு எங்ககிட்ட வராது. வந்தா அன்னிக்கே கருவியைப் பிடுங்கிப் போட்டுடுங்க. எழுதிக் கையெழுத்து போட்டுத் தரேன்."

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மார்த்தா வெளிறிப்போய், யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று கேட்டாள். என்னிடம்தான் என்றேன்.

அவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள்: அளவு முதலில் ஊருக்குத் தெரிய வேண்டும், பிறகுதான் ஜெனீவாவுக்கு. தினமும் அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஏகாம்பரத்தின் மருமகள் செல்வி ஏற்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே மிதவையோடு இறங்கினேன். சேற்றில் வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தேன். கரையே சிரித்தது. தூதராக எனக்கு இப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை.

போன வாரம் ஜெனீவாவில் டிராமுக்கு நின்றிருந்தபோது போனில் செல்வியின் குரல் வந்தது: "மேடம், நேத்து மழைக்கு ஏரி ஒரு சாண் ஏறியிருக்குது."

சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவரிடம், எங்கள் ஏரி ஏறிவிட்டது என்று என் அரைகுறை பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். அவர் கவலையோடு ஜெனீவா ஏரியை எட்டிப் பார்த்து, அப்படித் தெரியவில்லையே என்றார். நானும் அவரோடு சேர்ந்து அந்த நீலத் தண்ணீரை உற்றுப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒரு சாண் ஏறித்தான் இருந்தது.