பதினேழாம் நம்பர் கீபோர்டு

எலியக்காவுக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று இருந்தால் அது அவள் லீவு போட்ட நாளாகத்தான் இருக்க வேண்டும். லீவு நாளிலும் வரும் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். அவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ஊரார் வாயில் விழுந்து எழுந்து பழகியவர் என்பதால் வீட்டில் விழுவதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

தேர்வு மையத்தின் டைப்பிங் அறையில் முப்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள். எல்லாம் எப்போதோ ஓய்வு கொடுத்திருக்க வேண்டியவை. அவற்றின் மவுஸும் கீபோர்டும் மூச்சை நிறுத்தினால் திரும்ப எழுப்புவது அவள் வேலை. அதனால்தான் எலியக்கா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மேசை துடைக்கத்தான் அந்த அறைக்குள் வந்தாள். ரிப்பேருக்கு வருகிற ஆட்கள் கீபோர்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘மாற்றவும்’ என்று சீட்டு எழுதிவிட்டு டீ குடிக்கப் போவதைப் பார்த்தாள். ஒருநாள் அப்படிக் கழித்துப் போட்ட கீபோர்டு ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினாள். ரொட்டித் தூளும் நகத்துண்டும் ஒரு சட்டைப் பொத்தானும் கொட்டின. செருகிப் பார்த்தால் எழுத்து ஒழுங்காக விழுந்தது. படித்தவன் செய்கிற வேலையா இது என்று அன்றைக்கு வந்த ஆத்திரத்தில்தான் தொழிலைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

அவள் வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கீபோர்டின் நம்லாக் பட்டனை அமுக்குவாள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கின்றன, சண்டை உள்ளே இருக்கிற புரோகிராமோடு என்று அர்த்தம். விளக்கு அசையாவிட்டால் பின்பக்கம் போய் வயரைப் பார்க்க வேண்டும். அங்கே உருண்டையாக இரண்டு துளைகள். ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. இந்தப் பழைய உருண்டைச் செருகிக்கு ஒரு கெட்ட குணம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கழன்றுவிட்டால், உடனே திரும்பச் செருகினாலும் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் உறவு கொண்டாடும். அதற்காகவே எலியக்கா முப்பத்திரண்டு மேசையிலும் கீபோர்டு வயரையும் மவுஸ் வயரையும் ஒரே பிளாஸ்டிக் பட்டியால் மேசைக்காலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். யார் கால் பட்டு இழுத்தாலும் பட்டி தாங்கிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்கு நடுவில்தான் மேற்பார்வையாளர் கோந்து வாங்கி வந்தார். வேறெங்கோ ஒரு மையத்தில் யாரோ பென்டிரைவ் செருகிக் கேள்வித்தாளைத் திருடியதாகக் கேள்விப்பட்டாராம். முப்பத்திரண்டு கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளைகளிலும் கெட்டிக் கோந்தை ஊற்றி அடைத்தார். அன்றிலிருந்து ஊழியர்களுக்கு அவர் கோந்து சார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு, பதினேழாம் மேசைக்கடியில் ஒரு மவுஸை மாற்றிக்கொண்டிருந்தபோது எலியக்கா அவரோடு மோதினாள்.

“சார், உருண்டைப் பின் கழன்டா இதுல மறுபடி எடுக்காது. அவசரத்துக்கு யுஎஸ்பி கீபோர்டு ஒண்ணு செருகினா உடனே ஓடும். அந்த வழியையும் அடைச்சு வச்சிருக்கீங்களே.”

“ஏம்மா கழலுது? நீ ஒழுங்கா மாட்டினா ஏன் கழலுது?”

“மனுஷங்களுக்குக் கால் இருக்கு சார்.”

“அதெல்லாம் நடந்தா பாத்துக்கலாம்.”

பன்னிரண்டு வருஷத்து வார்த்தைகள் அவள் தொண்டை வரை வந்தன. பாதிக்கு மேல் வெளியிலும் வந்துவிட்டன. கத்தியபடியே எழுந்து அறையை விட்டுப் போனாள்.

பரீட்சை நாளில் முப்பத்திரண்டு இருக்கைகளும் நிறைந்திருந்தன. குமாஸ்தா வேலைக்கான டைப்பிங் தேர்வு, இருபது நிமிஷம். பதினேழாம் இருக்கையில் இருந்தவள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். மூன்று வருஷம், கடை திறப்பதற்கு முன் காலையில் டைப்பிங் வகுப்புக்குப் போய்ப் பழகியவள். அடுத்த மாதம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். உள்ளே நுழையும்போதே எலியக்காவிடம் இதைச் சொல்லி, “அக்கா, நல்ல கீபோர்டுதானே?” என்று கேட்டிருந்தாள். எல்லாம் நல்லதுதான் உட்காரு என்று எலியக்கா சொல்லியிருந்தாள்.

ஆறாவது நிமிஷத்தில் பதினேழு கையைத் தூக்கியது.

எலியக்கா ஓடிப்போய் நம்லாக்கை அமுக்கினாள். விளக்கு அசையவில்லை. மேசைக்குப் பின்னால் குனிந்தாள். ஊதாச் செருகி பாதி வெளியே வந்து தொங்கியது. செருகினாள். ஒன்றுமில்லை. அணைத்துப் போடலாம் என்றால், அணைத்த நொடியே தேர்வு முடிந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்கிற புரோகிராம் அது. இடம் மாற்றக் காலி இருக்கையும் இல்லை. திரையின் ஓரத்தில் கடிகாரம் யாருக்கும் காத்திராமல் ஓடிக்கொண்டிருந்தது.

பையிலிருந்து யுஎஸ்பி கீபோர்டை எடுத்து வைத்தாள். ஸ்க்ரூ டிரைவரால் கோந்தைக் குத்த ஆரம்பித்தாள்.

“யாரைக் கேட்டு சீலை உடைக்கிற?” கோந்து சார் வாசலிலிருந்து வந்தார்.

“தள்ளி நில்லுங்க சார்.”

“உன்மேல எழுத்துல நடவடிக்கை எடுப்பேன்.”

“எடுங்க. என் கையைத் தட்டாம எடுங்க.”

முதல் துளையில் கோந்தோடு சேர்ந்து உள்ளே இருந்த நாக்கும் உடைந்து வந்தது. இரண்டாவது துளையில் நகம் கிழியக் கிழிய நோண்டினாள். கோந்து ஒரே கட்டியாகப் பெயர்ந்தது. கீபோர்டைச் செருகியதும் விளக்கு எரிந்தது. ஐந்து நிமிஷம் போயிருந்தது. அந்தப் பெண் மறுபடி தட்ட ஆரம்பித்தாள். ஆனால் விரல் ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று போனது. நேரம் முடிந்து திரை தானாக மூடிக்கொண்டபோது அடிக்க வேண்டிய பக்கத்தில் கால்வாசி மிச்சம் இருந்தது. ஐந்து நிமிஷம் கூட்டிக் கொடுங்கள் என்று எலியக்கா கேட்டதற்குக் கோந்து சார் சட்டம் பேசினார்.

எல்லோரும் எழுந்து போன பிறகும் பதினேழாம் இருக்கைக்காரி எழவில்லை. எலியக்கா கழன்ற வயரைச் சுருட்ட மேசைக்கடியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள், மேசைக்காலில் பட்டி இல்லை. வெட்டிய பட்டி துண்டாகத் தரையில் கிடந்தது. போன வாரம் மவுஸ் மாற்றுவதற்காக அவளே வெட்டியது. புதிதாகக் கட்டுவதற்குள்தான் கோந்து சார் வந்தார், சண்டை வந்தது, அவள் எழுந்து போனாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம் அவரைக் கடித்துக் குதறியிருக்கிறாள்.

அவள் யூனிபார்ம் மேல்சட்டைப் பையில் புதுப் பட்டிகள் ஒரு கட்டு இருந்தது. ஒன்றை எடுத்து மேசைக்காலில் மாட்டினால் தீர்ந்தது. பழி மொத்தமும் கோந்து சார் தலையில் போய் உட்காரும். அதில் முக்கால்வாசி நியாயமும்கூட. ஒன்றைக் கையில் எடுக்கவும் எடுத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு செருப்புக் கால்கள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, எதையும் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல் நாற்காலிக்கடியில் ஒடுங்கியிருந்தன. எலியக்காவுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் கண் எரிந்தது. பட்டியைப் பைக்குள்ளேயே போட்டாள்.

கோந்து சார் அறிக்கைத் தாளை நீட்டினார். குரல் இறங்கியிருந்தது.

“ரெண்டே வரி எழுதும்மா. தேர்வர் காலை ஆட்டுனதுல வயர் கழன்டுச்சுன்னு. நீ சீலை உடைச்சதை நான் சொல்லல. கோந்தைப் பத்தி நீ சொல்லாத. ரெண்டு பேருக்கும் நல்லது.”

“மூணாவதா ஒருத்தி இருக்கா சார். காலைக் கழட்டி வாசல்ல விட்டுட்டா வரணும் அவ?”

“அவ இல்லன்னா ஆயிரம் பேர். உனக்கு இந்த வேலை போனா இன்னொண்ணு கிடைக்குமா?”

அவள் தாளை வாங்கி நின்றபடியே எழுதினாள். ‘பதினேழாம் இருக்கை வயரின் கட்டை வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டாதது நான். மாற்று கீபோர்டு செருக முடியாமல் துளையை அடைத்தது மேற்பார்வையாளர். தேர்வர்மீது தவறு இல்லை. அவருக்கு மறுதேர்வு தர வேண்டும்.’ கையெழுத்துப் போட்டாள். முதல் வரியைப் படித்தபோது கோந்து சாருக்கு முகம் மலர்ந்தது. இரண்டாம் வரியில் வாடியது.

மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து விசாரித்தார்கள். பதினேழாம் இருக்கைக்கு மட்டும் மறுதேர்வு என்று உத்தரவு வந்தது. கோந்து சாரிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள், அவரும் நாலு பக்கம் கொடுத்தார். எலியக்கா ஒப்பந்த ஆள். அவளிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை, மாதக் கடைசியோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாள், அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கும்போது அந்தப் பெண் எதிரே ஏறி வந்தாள். மறுதேர்வு நுழைவுச்சீட்டு வாங்க வந்திருக்கிறாள். ஒரு நன்றியாவது சொல்வாள் என்று எலியக்காவின் மனசு ஒரு நொடி நினைத்தது. அதை மறைப்பானேன்.

“அந்த வயரைக் கட்டாதது நீங்கதானாமே.”

“ஆமா.”

“ஏன் கட்டல?”

எலியக்காவிடம் பதில்களுக்குப் பஞ்சமில்லை. கோந்து இருந்தது, கிழட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது, ஒரே ஆளுக்கு முப்பத்திரண்டு மேசை இருந்தது. எல்லாம் உண்மை.

“கோவத்துல விட்டுட்டேம்மா.”

“உங்க கோவத்துக்கு நான்தான் கிடைச்சனா? அன்னிக்கு என் கை ஓடின மாதிரி மூணு வருஷத்துல ஒருநாள் ஓடினதில்ல. திரும்ப எழுதுன்னு சுலபமா சொல்லிட்டாங்க. இப்ப கீபோர்டைத் தொட்டாலே எப்ப நிக்குமோன்னு விரல் நடுங்குது. கேட்டப்ப எல்லாம் நல்லதுதான்னு சொன்னீங்களே. பாத்துட்டா சொன்னீங்க?”

“பாக்கல.”

அந்த ஒரு வார்த்தை அவளை இன்னும் மூட்டிவிட்டது. படியில் ஏறுவோரும் இறங்குவோரும் ஒதுங்கிப் போனார்கள். எலியக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவள் திட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்று முழுவதையும் கேட்டாள்.