மனைவிக்குச் செய்த ட்வீட்டர் பெட்டி

மைக்செட்காரர் வீட்டில் சண்டைச் சத்தம் கேட்காவிட்டால், எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அக்கா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பாள்.

அப்படியொன்றும் பெரிய சண்டைகள் இல்லை. முன்னறையில் பாதி அவருடையது, பாதி அவர் மனைவியுடையது. அவள் தையல்காரி. அவர் பக்கம் பழைய ஒலிபெருக்கிகள் மலைபோல் குவிந்து கிடக்கும்: சாம்பல் நிறக் குழாய்கள், துணி கிழிந்த மரப்பெட்டிகள், அவற்றிலிருந்து கழற்றிய, கீச்சொலிகளை மட்டும் எழுப்பும் உள்ளங்கை அகல ட்வீட்டர்கள். எல்லாவற்றிலும் காந்தம். அவள் பக்கம் எங்கு பார்த்தாலும் ஊசி.

"உங்க காந்தம் என் ஊசிய முழுங்கிடுச்சு."

"கண்ட இடத்துல போட்டா காந்தம் என்ன செய்யும்? எடுத்து டப்பாவுல வச்சிட்டு வருமா?"

"அதுக்காவது ஒட்டிக்கத் தெரியுது. சில பேருக்கு அதுவும் தெரியல."

காலையில் தொடங்கினால் சோறு பரிமாறும்வரை இது ஓடும். சாப்பிட்ட பிறகு வேறு விஷயம். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டதே இப்படித்தான். கொஞ்சலும் இதற்குள்தான் இருந்தது. வெளியாட்களுக்கு அது பிடிபடாது.

தொழிலில் அவருக்கு நல்ல பெயர். பழைய குழாயில் சத்தம் எழுப்பும் யூனிட்டின் டயப்ரம் எரிந்துபோனால் மாற்றிக் கொடுப்பார். டயப்ரம் என்பது வெங்காயத்தோல் மாதிரி ஒரு மெல்லிய தகடு. அது துடித்தால்தான் சத்தம். மாற்றியதும் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் திருப்பி, அந்த 'ஸ்ஸ்' இரைச்சலை யூனிட்டுக்குக் கொடுப்பார். பிறகு குழாய்க்குள் தலையை விட்டுக் காதை வைத்துக் கேட்பார். இரைச்சல் மணல் கொட்டுவதுபோல் சீராக விழுந்தால் வேலை சரி. மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களை அவர் மதித்ததில்லை. வாலிபத்திலிருந்து ஒவ்வொரு யூனிட்டையும் அந்தக் காதால் சோதித்துத்தான் அனுப்பிவைத்தார்.

சமீப காலமாக எல்லா ட்வீட்டரும் அவருக்கு மந்தமாகவே கேட்டது. டயப்ரம் விற்கிற கடைக்காரரிடம் போய் நின்றார்.

"மட்டமான சரக்கு தள்ளிவிடுறீங்களே, நியாயமா?"

"அண்ணே, எல்லாருக்கும் இதேதான் கொடுக்கறேன். குறை சொல்ற ஒரே ஆள் நீங்கதான்."

அவர் நம்பவில்லை. மந்தத்தை ஈடுகட்ட, வாடகைக்குப் போட்ட இடங்களிலெல்லாம் கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கூடுதலாகத் திருகிவைத்தார். கூட்ட மண்டபத்து மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்க ஸ்பீக்கர் காதக் கிழிக்குதுங்க. முன்வரிசை காலியாவே கிடக்கு."

"கட்டடம் எதிரொலிக்குது. நாலு திரைச்சீலை வாங்கி மாட்டுங்க, சரியாயிடும்."

மேனேஜர் போனதும் மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். "ஊரே காதப் பொத்துதுன்னா, உங்க காதத்தான் முதல்ல பாக்கணும்."

"நீ பட்டனப் பாரு," என்றார்.

அதே வருஷம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் திரும்பாது, கிசுகிசுவென்றுதான் பேச முடியும் என்றார் டாக்டர். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவியின் உதடு அசைவதை அவர் பார்த்தார். சத்தம் வரவில்லை. புண் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டார். "சிரமப்படாத. மெதுவா வரும், அவசரமில்ல," என்று அன்பாகச் சொன்னார். அவள் மறுபடி எதையோ சொன்னாள். அவர் மறுபடி, "அவசரமில்ல," என்றார். ஊசி குத்திவைத்திருந்த சின்னப் பஞ்சுத்திண்டு அவர் தோளில் வந்து விழுந்தது. நோயாளியின் எரிச்சல் என்று அதையும் பொறுத்துக்கொண்டார்.

பொறுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. அவளுக்கு ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தார். குரல் போன பேச்சில் மிஞ்சுவது வெறும் காற்றும் எழுத்துகளின் கூர்முனையும்தான். அதைப் பெரிய ஸ்பீக்கரால் சொல்ல முடியாது, ட்வீட்டரால்தான் முடியும் என்பது அவருக்குத் தெரியும். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல ட்வீட்டரைத் தேர்ந்தெடுத்தார். சட்டைக் காலரில் குத்துகிற மைக், கையடக்க ஆம்ப்ளிஃபயர், தோளில் மாட்ட வார். வாரை அவளே தைத்துக் கொடுத்தாள்.

ஒரு மதியம் மைக்கை அவள் காலரில் குத்தி, "பேசு," என்றார்.

பேசினாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ட்ரெபிளை ஏற்றினார். கேட்கவில்லை. வால்யூமைத் திருகினார், இன்னும் திருகினார். சமையலறையிலிருந்து மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"அக்கா, நீங்க அவரத் திட்டுறது தெருமுனை வரைக்கும் கேக்குது. எதுக்கும் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

"டயப்ரம் போச்சு," என்று அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"அப்பா, டயப்ரம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்த்தார். பெட்டியை அணைத்தார். பிறகு ரேடியோ இரைச்சலை அந்த ட்வீட்டருக்குக் கொடுத்து, எப்போதும் போல் காதை அதன் வாயில் வைத்தார். மணல் விழவில்லை. குறைத்தார். "இப்ப கேக்குதா?" என்று மகளிடம் கேட்டார். அறையின் அந்தக் கோடியிலிருந்து அவள் கேட்கிறது என்று தலையசைத்தாள். இன்னும் குறைத்தார். "இப்ப?" தலையசைத்தாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஒயரைப் பிடுங்கி நிதானமாகச் சுற்றிவைத்தார்.

காது டாக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: கீச்சென்ற ஒலிகளை வாங்கும் நரம்பு செத்துவிட்டது. கருவி வைத்தால் மற்றவர்கள் பேச்சு கொஞ்சம் தெளியும், கிசுகிசுப்பு தேறாது. மைக்செட்காரர் மண்டபத்துக்குப் போய் மேனேஜரைப் பக்கத்தில் நிற்கவைத்து, அவர் போதும் என்று சொல்லும்வரை குமிழைக் குறைத்தார். இவர் காதுக்குப் பேச்சாளர் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தது. "இதாங்க சரி," என்றார் மேனேஜர்.

வீட்டில் மனைவி எழுதிக் காட்டிப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் படித்து முடிப்பதற்குள் அவளுக்குக் கோபம் ஆறிவிடும். ஆறிப்போன சண்டைக்கு என்ன பதில் சொல்வது? அதனால் மகள்தான் நடுவில் நின்றாள். அவள் நல்ல பெண். அம்மா சொல்வதில் முள்ளை எடுத்துவிட்டுத்தான் அப்பாவிடம் கொடுத்தாள். "காந்தத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கச் சொல்றாங்கப்பா." மறுபேச்சில்லாமல் அவர் தள்ளிவைத்தார். இரண்டு பக்கமும் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து இப்போது யாரும் விசாரிப்பதில்லை.

மகள் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. பையை வாசலில் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மனைவி அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். நீளமாகப் பேசினாள். நடுவில் ஒருமுறை அவரைக் கை நீட்டிக் காட்டினாள், ஒருமுறை சிரித்தாள், ஓரிடத்தில் நிறுத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"என்ன சொல்றா?"

"வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்றாங்கப்பா."

"இவ்வளவு நேரம் அதையா சொன்னா?"

மகள் எழுந்து போய்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மிச்சமெல்லாம் உங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளதுப்பா. அத நான் எப்படி என் வாயால சொல்றது?"

அவளை வண்டி ஏற்றிவிட்டு வந்ததும், நாற்காலியை இழுத்து மனைவிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழும்படி நகர்த்திக்கொண்டார்.

"அதையே இன்னொரு தடவ சொல்லு."

அவள் முதலிலிருந்து சொன்னாள். அவர் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் முடித்ததும், எல்லாம் புரிந்ததுபோல் பலமாகத் தலையாட்டினார்.

அவள் முகம் சட்டென்று வாடியது. ஆட்டக் கூடாத இடத்தில் தலையை ஆட்டிவிட்டார் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.