கார் டிக்கியில் என் பியர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் காரணம் அவர்தான்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய 2013இல், லாச்சப்பலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு சின்ன பாரில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரெஞ்சில் புளோஞ், அதாவது பாத்திரம் கழுவும் வேலை. அந்த பாரின் பின்னறையிலேயே பியர் காய்ச்சுவார்கள். முதலாளியான பத்ரோன் காய்ச்சுவார், அண்டாக்களை நான் கழுவுவேன். இரண்டு மாதம் போனதும், நான் கழுவுவதைவிடக் கேள்வி கேட்பதுதான் அதிகம் என்று மனிதருக்கு விளங்கிவிட்டது. ஒருநாள், பியரில் போடும் காய்ந்த பூவான ஹொப்ஸ் இருந்த பையைப் பிரித்து என் மூக்கருகில் நீட்டினார். தோடம்பழத் தோல் வாசமும், மாங்காய்க் காம்பை முறித்தால் வடியும் பாலின் வாசமும் சேர்ந்து அடித்தன. இதைப் போட்டால் கைக்குமா என்று கேட்டேன். எப்போது போடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்றார். அந்தப் பதிலில்தான் நான் விழுந்தேன்.

அவர் அதிகம் காய்ச்சியது இந்தியா பேல் ஏல். பெயரைக் கேட்டு எங்கள் பக்கத்துச் சாமானாக்கும் என்று நினைத்தேன். இல்லையாம். இங்கிலாந்துக்காரர் கப்பலில் அனுப்ப, இந்தியாவில் இருந்த இங்கிலாந்துக்காரர் குடித்தார்களாம். வழியில் கெட்டுப்போகாமல் இருக்க ஹொப்ஸைக் கூட்டிப் போட்டார்களாம். வேலை ஒருவருடையது, பெயர் இன்னொருவருக்கு. அப்போது அதைக் கேட்டுச் சிரித்தேன்.

பிறகு நானும் வீட்டில் காய்ச்சிப் பார்த்தேன், பொங்கலுக்கும் திவசத்துக்கும் மட்டும் அலுமாரி மேலிருந்து இறங்கும் முப்பது லிட்டர்ப் பானையில். புது ஜன்னல் சீலையில் பை தைத்து, உடைத்த மோல்ட்டை, அதாவது முளைகட்டிக் காய்ந்த பார்லியை, அதற்குள் போட்டுத் தண்ணீரில் இறக்கி, சூடு அறுபத்தாறு பாகையை விட்டு அசையாமல் ஒரு மணித்தியாலம் காவல் இருந்தேன். பிறகு பையைத் தூக்கிவிட்டு, அந்த இனிப்புத் தண்ணீரை இன்னொரு மணித்தியாலம் கொதிக்க வைத்தேன். தொடக்கத்தில் கொஞ்சம் ஹொப்ஸ், அது கைப்புக்கு. கடைசிப் பத்து நிமிடத்தில் நிறைய ஹொப்ஸ், அது வாசத்துக்கு. குளியல் தொட்டியில் பானையை இறக்கி ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, மூடிய வாளியில் இரண்டு கிழமை விட்டேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒன்றைத் தவிர. ஹொப்ஸ் மண்டியை வடிக்க வேறு எதுவும் அகப்படாமல் தேங்காய்ப்பால் வடியை எடுத்துவிட்டேன். எத்தனை தரம் கழுவியும் கைப்பு அதை விட்டுப் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்த சொதி கசாயமாக இருந்தது. மகள் ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டாள். வீட்டுக்காரர் மட்டும் தட்டை வழித்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர்மேல் அன்பு வரும். மறுநாள் புது வடி வாங்கினேன்.

பியர் நன்றாக வந்தது. நன்றாக என்றால், பத்ரோன் ஒரு போத்தலை வாங்கிக் குடித்துவிட்டு, உடனே இன்னொரு போத்தல் கேட்கும் அளவுக்கு. ஏழு சதவீதம் ஏறியிருந்தது. தண்டவாளம் தெரியும் எங்கள் ஜன்னலோரம் நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கு அரைக் கிளாஸ் ஊற்றிக்கொண்டு ரயில் பார்ப்போம். அந்த நேரங்களில் எனக்கு உலகத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை.

ஆனால் வெளியில் சொல்ல முடியாது. எங்கள் ஊர்க் கணக்கில் வீட்டில் காய்ச்சுவது என்றால் கசிப்புத்தான், கள்ளச் சாராயம். ஒரு பொம்பிளை காய்ச்சுகிறாள் என்று தெரிந்தால், மகளுக்குக் கலியாணம் பேசும் காலம்வரை அந்தக் கதை கூடவே வரும். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அது என் பிழை.

முக்கியமாக அவருடைய அண்ணனுக்குத் தெரியக்கூடாது. அண்ணன் நகரத்துக்கு வெளியே சார்செலில் இருக்கிறார், குடும்பத்துக்கே பெரியவர். ஞாயிறுதோறும் தம்பிக்குப் போன் எடுப்பார். நான் சுகமா என்பதையும் தம்பியிடமே கேட்டு, தம்பியிடமே பதில் வாங்கிக்கொள்வார். கலியாணம் கட்டி ஒன்பது வருடத்தில் அந்தப் போன் என் கைக்கு வந்ததில்லை. கெட்ட மனிதர் இல்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி.

கொஞ்ச நாளில் என் போத்தல்கள் குறையத் தொடங்கின. அதுவும் கொண்டாட்டம் ஏதும் வருகிற கிழமைகளில். கேட்டால், பெடியங்கள் ஒன்றிரண்டு கேட்டார்கள் என்றார். யார் காய்ச்சியது என்று சொன்னீர்கள் என்றேன். தெரிந்த ஒரு ஆள் என்று சொன்னாராம். சரி, நானும் தெரிந்த ஆள்தானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் சார்செலில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றுக்குப் பிறந்தநாள். எங்கள் கொண்டாட்டங்களில் இரண்டு மண்டபம் உண்டு. ஒன்றில் கேக்கும் வீடியோக்காரரும் பெண்களும் இருப்பார்கள். மற்றது கார் பார்க்கிங். ஆண்கள் ஒவ்வொருவராக நழுவி, ஏதாவதொரு காரின் திறந்த டிக்கியைச் சுற்றி நிற்பார்கள். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பார்ப்பதில்லை.

பிள்ளைக்கு வாங்கிய பரிசை எங்கள் காரிலேயே மறந்துவிட்டோம். எடுக்கப் போனேன். பக்கத்தில் நின்ற வான் வண்டியைத் தாண்டுவதற்குள் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. எங்கள் டிக்கிதான் திறந்திருந்தது. ஐஸ் பெட்டிக்குள் என் போத்தல்கள். சுற்றி ஏழெட்டுப் பேர், நடுவில் அவருடைய அண்ணன். ஒரு பெடியன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் காய்ச்சினதுக்குக் கிட்ட கடைச் சாமான் நிக்காது," என்றான். என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. தலைகால் புரியாத சந்தோசத்தில் நின்றார்.

அந்தப் பியரில் பானை தூக்கிய என் நாரி நோவு இருந்தது, கை சுட்ட தழும்பு இருந்தது. என்றாலும் வந்த வழியே திரும்பிப் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். அதற்குள் அந்தப் பெடியன் செய்முறை கேட்டான். இவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

"ஹொப்ஸ் முழுக்க முதலிலையே போட்டிடவேணும். ரெண்டு மணித்தியாலம் நல்லா அவியவேணும்."

பெயரை எடுத்ததையாவது பொறுத்திருப்பேன். ரெண்டு மணித்தியாலம் அவித்தால் அந்த வாசத்தில் ஒரு சொட்டும் மிஞ்சாது.

"கடைசிப் பத்து நிமிசத்திலைதான் போடுறது," என்று சொல்லிக்கொண்டு வானுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். "காய்ச்சினது நான்."

ஏழெட்டுக் கோப்பைகளும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போயின. வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்தார். மகளின் கலியாணம், கசிப்புக்காரி என்ற பட்டம் எல்லாம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தன. என்றாலும் சொன்னதை மட்டும் திருப்பி எடுக்க மனமில்லை.

அண்ணன்தான் முதலில் அசைந்தார். முதுகுக்குப் பின்னால் இருந்த கோப்பையை முன்னுக்குக் கொண்டுவந்து, முகர்ந்து, ஒரு மிடறு குடித்தார். என்னை நேராகப் பார்த்து முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, இது வாயிலை வைக்கேக்கை பழமாயிருக்கு, விழுங்கினாப் பிறகுதான் கைக்குது. அதென்னெண்டு?"

இவ்வளவு காலமும் அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன் போல. கொதிக்கும்போது போடும் ஹொப்ஸில் தொடங்கி, போத்தலில் அடைக்கிறதுக்கு நாலு நாள் முன்னால் வாளிக்குள் பச்சையாகப் போடும் ஹொப்ஸ்வரை சொன்னேன். தேங்காய்ப்பால் வடியின் கதையையும் சொன்னேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். யாரோ ஒரு காகிதக் கோப்பையில் எனக்கும் ஊற்றித் தந்தார்கள். மண்டபத்துக்குள் கேக் வெட்டி முடிந்துவிட்டது. பரிசு இன்னும் காருக்குள்ளேயே இருந்தது.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் காரை மெதுவாக ஓட்டினார். பயந்துதான் சொல்லவில்லை என்றார். முதல்தரம் பயம், மற்றத் தரமெல்லாம் பெயர் கிடைத்த புழுகம் என்றேன். ஓம் என்று தலையாட்டினார். அந்த ஓமோடு என் கோபம் போய்விட்டது. அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், பிடிபட்டால் ஒப்புக்கொள்வார்.

கதைத்தவர்கள் கதைத்தார்கள். இரண்டு மச்சாள்மார் ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மூன்றாவது மச்சாள் தனக்கும் ஒரு போத்தல் ஒளித்துத் தரச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் போன் அடித்தது. நான் குசினியில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று இரண்டு தரம் கேட்டது. பிறகு வீட்டுக்காரர் குசினி வாசலில் வந்து நின்று போனை என்னிடம் நீட்டினார்.

"உன்னட்டைக் குடுக்கட்டாம்," என்றார்.

கையில் இருந்த ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினேன்.