கொடுவா மீன் தலை யாருக்கு?

இன்று பெங்களூரில் மகள் என்னை ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். பாரம்பரியக் கொடுவா மீன் குழம்பாம்.

தட்டில் தலை இல்லை. ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மூத்தவன் எனக்குத்தான் மீன் தலை. தலை எங்கே என்று விடாமல் கேட்டேன்.

மேனேஜர் சமையல்காரரை வரவழைத்தார். "தலைய எங்க சாப்பாட்டுக்கு வச்சிக்கிட்டோம் சார்" என்றார் அவர், முகம் வெளிறி.

"யாரக் கேட்டு?" என்று மேனேஜர் அதட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆக்குனவன் துன்னாம வேற யாருய்யா துன்றது? அவர இன்னாத்துக்கு மெரட்டற?" என்று கத்தினேன். மேனேஜர் அவரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை நான் சாப்பாட்டைத் தொடவில்லை.

மகள் மெதுவாகக் கேட்டாள்: "நம்ம வூட்ல ஆக்கறது அம்மாதானே நைனா? அவங்க தட்டுல என்னிக்காவது தலை வச்சியா?"

நல்ல பதில் இருந்தால் சீக்கிரம் எழுதுங்கள், நண்பர்களே. அவள் அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.