கோப்பையில் ஒரு சுற்று

சின்னப் பிள்ளைகள் ஏறுகிற ராட்டினங்களைப் பற்றி யாராவது கேட்டால் நான் கொஞ்சம் கர்வத்தோடுதான் பதில் சொல்வேன். அரபு நாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்த காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே படிப்பு அது. மேடத்துக்குத் தலை சுற்றும், சாருக்கு நேரம் இருக்காது. ஆகவே லீவு நாள் வந்தால் அவர்களுடைய சின்னவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யானையிலும் வாத்திலும் குட்டி ரயிலிலும் சுற்றுவது என் பொறுப்பு.

ஒரு ராட்டினம் சின்னப் பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். ஏறுகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை, எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். இறங்கி வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். திரும்பவும் வரிசைக்கு ஓடினால் நல்லது. அம்மாவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றால் நாம் வேறு ராட்டினம் பார்க்க வேண்டியதுதான். மேடத்தின் சின்னவன் பயந்தால் அழ மாட்டான், கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வான். அது அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். உடனே கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

இத்தனை தெரிந்த நான் ஒரேயடியாக எங்கள் ஊரான டயகமவுக்குத் திரும்பி வந்து இரண்டு வாரமாகியும், என் சொந்த மகள் என் மடியில் உட்காரவில்லை.

நான் போகும்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருக்கும் என் அக்காதான் அவளை வளர்த்தாள். காலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டு, மாலையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தவள். நான் வெளிநாட்டிலிருந்து போனில் வீடியோவில் கூப்பிட்டால் பிள்ளை பேசவே மாட்டாள். என் முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். மற்றவர்களுடைய பிள்ளைகள் போனிலேயே முத்தம் கொடுக்கும், பாட்டுப் பாடும். என்னுடையது மட்டும் யாரோ அந்நிய மனுஷியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறதே என்று போனை வைத்த பிறகு அழுவேன்.

வந்து பார்த்தால் அதைவிட மோசம். அக்காவின் இடுப்பில் ஏறிக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்தாள். நான் கொண்டுவந்த பொம்மையை அக்கா வாங்கிக் கொடுத்தால்தான் தொட்டாள். நான் கையை நீட்டினால் அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பொறாமையாக இருந்ததா என்றால், ஆமாம், இருந்தது. என் பிள்ளையைக் கண்ணுக்குக் கண்ணாய் வளர்த்துக் கொடுத்த என் கூடப்பிறந்தவள் மேலேயே இருந்தது.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். ஏப்ரல் மாதம், நுவரெலியாவில் வசந்த காலம் தொடங்கியிருந்தது. கொழும்புச் சனமெல்லாம் குளிருக்கு வந்து குவியும், ராட்டினங்களும் வரும். சின்னப் பிள்ளைகளைத் தனியாக ஏற்ற மாட்டார்கள், பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். என் அக்காவுக்கோ தலவாக்கலை போகிற பஸ்ஸிலேயே குடலைப் பிடுங்கும். அப்படியானால் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்கார வேண்டும்? நான்தான். போகலாமா என்று கேட்டபோது அக்கா மறுக்கவில்லை. ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறு கையில் சொப்பிங் பேக்குமாகப் புறப்பட்டாள். பாவம், பேக் இரண்டு முறை தேவைப்பட்டது.

எல்லா ராட்டினங்களையும் சுற்றிப் பார்த்து, கடைசியில் கோப்பைகளைத் தேர்ந்தெடுத்தேன். ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய தேத்தண்ணிக் கோப்பைகள், ஒரு வட்டப் பலகையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கோப்பையின் நடுவில் ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் கோப்பை தானும் வேகமாகச் சுழலும், தொடாமல் விட்டால் சாதுவாகப் போகும். இறங்கி வந்த பிள்ளைகள் வரிசைக்கு ஓடின. பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. இதைவிடச் சாதுவான ராட்டினம் எங்கேயும் கிடைக்காது என்று தீர்ப்புச் சொன்னேன்.

"என்னடி இது, காலம் பூரா கொழுந்து எடுத்தவளக் கடைசியில கோப்பையிலயே போட்டுக் கலக்கப் பாக்குறியா? நான் மாட்டேன். நீயே கூட்டிட்டுப் போ" என்றாள் அக்கா.

நான் எதிர்பார்த்த பதில் அதுதான். பிள்ளையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பிள்ளை அழவில்லை, கம்பளித் தொப்பி போட்டிருந்த ராட்டினக்காரரையே பார்த்தாள். அவர் சிங்களத்தில், "பய வென்ன எப்பா, துவே" என்றார். பயப்படாதே மகளே என்று சொல்லிவிட்டு, எங்கள் கோப்பையின் கதவைப் பூட்டினார்.

பாட்டு அலற, பலகை நகரத் தொடங்கியது. கால் சுற்று போயிருக்கும், என் மகள் வாயைத் திறந்தாள்.

"இந்தக் கோப்பையில பூ இருக்கு. அதுல பூ இல்ல. பெரியம்மாவோட கோழி கறுப்பு. அது முட்டையிட்டுச்சு. டீச்சர்கிட்ட செவப்புக் கொட இருக்கு. கோழிக்குக் கொட இல்ல. மழ பேஞ்சா நனஞ்சு போகும்…"

இரண்டு வாரமாக ஒரு சொல்லுக்கு ஏங்கிக் கிடந்தவள் மடியில் சொற்களை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டினால் எப்படி இருக்கும்! "ஆமாவா? அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சந்தோஷத்தில் என் கை தானாகப் போய்ச் சக்கரத்தைப் பிடித்தது. கொஞ்சம் திருப்பினேன். அவள் இன்னும் வேகமாகப் பேசினாள். இன்னும் திருப்பினேன். கோழி, குடை, பக்கத்து வீட்டு நாய், முன்பள்ளிச் சுவரில் இருக்கும் முயல் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. வேலிக்கு வெளியே அக்கா இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சந்தோஷம்போல என்று நானும் பெரிதாகக் கையாட்டினேன்.

இறங்கியதும் அக்கா பாய்ந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"கிறுக்கி! நிப்பாட்டச் சொல்லிக் கத்துறேன், நீ பாட்டுக்குக் கையாட்டுற!"

"ஏன்க்கா? எம்புட்டு சந்தோசமா பேசிக்கிட்டு வந்தா…"

"பயந்தாத்தான்டி அவ பேசுவா. இடி இடிச்சா விடிய விடிய பேசுவா. ஊசி போடப் போனா நர்ஸம்மாகிட்ட கோழிக் கதய முழுசாச் சொல்லுவா. பயமில்லேன்னா இவகிட்ட இருந்து ஒரு சத்தம் வராது."

பிள்ளை அக்காவின் தோளில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். வாய் மூடிவிட்டது. நான் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அப்ப போன்ல?" என்று கேட்டேன்.

"போன்ல நீ வந்தா ஒன்னயே பாத்துக்கிட்டுக் கெடப்பா. நீ வச்ச பொறவும் போனத் தர மாட்டா, புடுங்கத்தான் வேணும். நான் சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. நல்லா இருக்கா, சாப்பிட்டா, காய்ச்சல் விட்டிருச்சு என்பதற்கு மேல் அந்தப் போனில் எங்கள் இருவருக்கும் நேரம் இருந்ததில்லை. அத்தனை நாள் அந்நிய மனுஷியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள் என்று நினைத்து நான் அழுத அழுகையெல்லாம் வீண். அதை நினைத்தால் சிரிப்பு வந்தது, சிரிக்கப் போனால் அழுகை வந்தது. ஊரான் வீட்டுப் பிள்ளையின் உதடு எனக்கு மனப்பாடம். என் பிள்ளையின் பயத்தைக் கேட்டுக்கொண்டே நான் சக்கரத்தைத் திருப்பியிருக்கிறேன். அந்த நாட்டு ராட்டினங்களுக்கு முன்னால் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். யாரோடு ஏறலாம் என்று எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

அவித்த சோளம் வாங்கித் தின்றோம். வேறு எதிலும் ஏறலாமா என்று நான் கேட்கவில்லை.

தலவாக்கலையில் டயகம பஸ்ஸுக்கு மாறினோம். நல்ல கூட்டம். அக்கா வாந்திக்குப் பயந்து முன் சீட்டு ஜன்னலோரம் பிடித்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிவிட்டாள். அவள் நிலைமைக்குப் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. பின்னால் எனக்கு ஒரு சீட்தான் கிடைத்தது. வேறு வழியில்லாமல் பிள்ளை என் மடிக்கு வந்தாள். வந்த உடனே தொடங்கிவிட்டாள்.

"இந்த பஸ் செவப்பு. டீச்சர் கொடையும் செவப்பு. கோழி கறுப்பு…"

இப்போது எனக்கு அந்தப் பேச்சு வேறாகக் கேட்டது. கட்டிப் பிடிக்க வேண்டும் என்று கை துடித்தது. பிடிக்கவில்லை, விழாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

"பேசு கண்ணு," என்றேன். "எவ்வளவு வேணும்னாலும் பேசு. நான் கேட்டுக்கிட்டே வர்றேன்."

எங்கள் பாதையின் வளைவுகளுக்கு முன்னால் அந்தக் கோப்பையெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றுகொண்டிருந்தவர்கள் எங்கள் மேல் சாய்ந்தார்கள். பிள்ளை சரிந்து என் வயிற்றில் மோதி, நிமிர்ந்து, கோழியைப் பற்றி விட்ட இடத்திலிருந்து சொன்னாள். மறுபடி சரிந்தாள். அக்கரப்பத்தனை நெருங்கும்போது பேச்சில் இடைவெளி விழ ஆரம்பித்தது. "கோழி…" என்றாள், பிறகு வெகுநேரம் கழித்து "முயலு…" என்றாள். அடுத்த வளைவில் சரிந்தவள் நிமிரவில்லை. அப்படியே சாய்ந்து கிடந்தாள். மெல்லக் குனிந்து, தூங்கிவிட்டாளா என்று பார்த்தேன். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன் சீட்டிலிருந்து அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னடி, இன்னும் பேசுறாளா?"

"இல்லக்கா" என்றேன். "இப்ப ஒரு வார்த்தகூட பேசல."