கமலா அக்காவும் ஒரு டம்ளர் கோப்பியும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பள்ளியில் ஆசிரியர் அறையில் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கமலா அக்காவின் மகன் குமரன். “ஆன்ட்டி, கொஞ்சம் உட்கார்ந்துக்குங்க. அம்மா காலையில போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக். எங்க வீட்டு புளோக் கீழதான் வச்சிருக்கோம். வியாழக்கிழமை மண்டாய்ல தகனம்” என்றான். குரல் உடைந்தது. ஆனால் சொல்லவேண்டிய ஒன்றையும் அவன் விடவில்லை. கடைசியில், “நீங்க சாப்ட்டீங்களா?” என்றும் கேட்டான். அப்படியே அவன் அம்மாவின் கேள்வி.

மனநோயுள்ள பிள்ளைகளுக்காக நாம் கூடும் சனிக்கிழமைக் குழுவின் பெற்றோருக்கு அந்த அழைப்பின் அருமை தெரியும். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று மூன்று கைப்பேசிகளை உடைத்துப் போட்டவன் இதே குமரன்தான். அது பத்து ஆண்டுகளுக்கு முன். ‘எனக்குப் பிறகு இவன் என்ன செய்வான்?’ என்று நாம் ஒவ்வொருவரும் கேட்டு அழுதிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை நம் எல்லோரையும் ஒவ்வொருவராக அழைத்துச் செய்தி சொன்னது அவன்தான்.

கமலா அக்கா பேருந்து ஓட்டுநர். இரண்டு மாடிப் பேருந்தைச் சிராங்கூன் சாலையில் தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே ஓட்டியவர். குரலும் அதற்கேற்ற குரல். முதன்முதலில் மனநல மருத்துவமனையில் நான் கைப்பையால் முகத்தை மறைக்காத குறையாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து அமர்ந்தார். “உங்க பிள்ளைக்கும் குரல் கேக்குதா? என் மகனுக்கும்தான்!” அறையே திரும்பிப் பார்த்தது. நான் தமிழாசிரியர். மகள் ஆஸ்திரேலியாவில் படிக்கிறாள் என்று பள்ளி முழுக்கச் சொல்லிவைத்திருந்தவள். மெதுவாகப் பேசும்படி கெஞ்சினேன். “எதுக்கு? நாம என்ன திருடவா வந்திருக்கோம்?” என்றார், இன்னும் சத்தமாக.

என் மகள் யாழினிக்கு அப்போது இருபது வயது. மருத்துவர் ‘சைக்கோசிஸ்’ என்றார். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிச் சுவர் வழியாகப் பேசுகிறார்கள் என்று தொடங்கி, அம்மா சாப்பாட்டில் ஏதோ கலக்கிறாள் என்பதில் வந்து நின்றாள். மாத்திரையைத் தொட மறுத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாத்திரையைப் பொடித்து அவளுடைய காலைக் கோப்பியில் கலந்து கொடுத்தேன். மூன்று வாரத்தில் நன்றாகத் தூங்கினாள், ஒருமுறை சிரித்தாள். பெருமை தாங்காமல் குழுவில் போய்ச் சொன்னேன்.

பாராட்டுவார் என்று பார்த்தால், கமலா அக்கா முகம் சிவந்துவிட்டது. “டீச்சர், பொண்ணு என்ன சொல்லுது? அம்மா கலக்கறாங்கன்னு சொல்லுது. நீங்க என்ன பண்றீங்க? கலக்கறீங்க. இப்ப யாரு சொல்றது உண்மை? சொல்லுங்க லா.”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு வாரம் அவரை மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன். ஆனால் ஒவ்வொரு காலையும் கரண்டியால் கலக்கும்போது அந்தக் கேள்வி வந்து நின்றது. எட்டாம் நாள் நானே அவரை அழைத்தேன். “முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் பிள்ளைகிட்ட. நான் கூட வர்றேன்” என்றார்.

இரண்டுக்கும் வந்தார். யாழினியிடம் நான் உண்மையைச் சொன்ன அன்று, வேலை முடிந்து சீருடையோடு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ நான் சொன்னது சரி” என்றாள். அதன்பிறகு என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கவில்லை. கடையில் விற்கும் பொட்டலச் சாப்பாடு, மூடி திறக்காத போத்தல், அவ்வளவுதான். பெற்றவளுக்கு அதைவிட என்ன தண்டனை வேண்டும்?

கமலா அக்கா மட்டும் வாரம் தவறாமல் வந்தார். குரல்கள் பொய் என்று அவளிடம் ஒருநாளும் வாதாடியதில்லை. “அது நெசமா இல்லையான்னு நான் கேக்கல. உன்னைத் தூங்க விடுதா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “அப்ப தூக்கத்தைப் பத்தி டாக்டர்கிட்ட நீயே பேசு.” பேசினாள். அடுத்த மாதம் என் கண்முன்னே, தன் கையால் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அவசரப்பட்டுக் கட்டிப்பிடிக்கப் போனேன். “டீச்சர், ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி கதவு திறக்கக் கூடாது” என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

நடுவில் ஒருமுறை நோய் திரும்பியது. அவளே மருத்துவமனைக்குப் போகலாம் என்றாள். படிப்பை இரண்டு ஆண்டு தாமதமாக முடித்தாள். இப்போது துவாஸில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை. ஊரார் சாப்பிடுவதில் என்ன கலந்திருக்கிறது என்று சோதிப்பதற்குச் சம்பளம்! இதைக் கேட்டு கமலா அக்கா தேக்கா சாப்பாட்டுக் கடையில் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். யாழினியும் சிரித்தாள்.

வியாழக்கிழமை, புக்கிட் மேராவில் அக்காவின் புளோக் கீழே ஓட்டுநர்கள் சீருடையில் வரிசையாக நின்றார்கள். உறவினர் ஒருவர், “தம்பிக்கு உடம்பு முடியாது, சித்தப்பா மகன் கொள்ளி வைக்கட்டும்” என்றார். குமரன் நிமிர்ந்தான். “நான் மருந்து சாப்பிடறவன். அதுக்காக மகன் இல்லன்னு ஆயிடுமா?” அம்மாவின் குரல் அப்படியே வந்தது. எல்லாச் சடங்கையும் அவனே செய்தான், ஒன்றுகூடப் பிசகாமல். அக்கா, பார்த்தீர்களா? நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சத்தத்தைத்தான். வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில், இறந்தவர் யார் என்று கேட்டார்கள். என் மகளுக்கு சைக்கோசிஸ் வந்தபோது என்னைத் திட்டித் திருத்தியவர் என்று அறைக்கே கேட்கும்படி சொன்னேன். அவள் ஆஸ்திரேலியாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மண்டாயிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்த யாழினி, கூடத்தில் சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். “அம்மா, ஒரு கோப்பி போடுங்க” என்றாள். ஆறு ஆண்டுகளாக அவள் என்னிடம் கேட்காத கோப்பி. போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி பத்தல” என்றாள்.